பெண்ணின் பெயர் யாருக்கான வேண்டுதல்?

பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரத்துக் குடும்பங்களில் எந்த நல்ல காரியமும் மலையேறாமல் நிறைவதில்லை. முதல் மொட்டை, காதுகுத்து, ஆடிக் கிருத்திகைக் காவடி, பிள்ளை வரம் என எல்லாவற்றுக்கும் 365 படிகளுக்கு மேலே நிற்கும் முருகனே சாட்சி. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் இந்த எல்லைப்புறத்தில் இரு மொழிக்காரருக்கும் அவன் ஒருவனே குலதெய்வம்போல் இருக்கிறான். சன்னதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் முதலில் கேட்பது பெயரையும் நட்சத்திரத்தையும். சொன்ன பெயரை அவர் சங்கல்பத்தில் சேர்த்து உரக்கச் சொல்கிறார். தெய்வத்தின் முன்னால் ஒரு மனிதர் நிற்பது அவருடைய பெயராகத்தான். இதே வட்டாரத்தில், திருத்தணியை அடுத்த நாராயணபுரத்தில், அடுத்தடுத்துப் பெண்ணே பிறந்த வீடுகளில் மகளுக்கு ‘வேண்டாம்’ என்று பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது 2019-இல் செய்தியாகித் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. அப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆண் பிறக்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் நம்பினார்கள். தமிழகத்தின் வேறு பல ஊர்களில் ‘போதும்பொண்ணு’ என்ற பெயர் இதே நம்பிக்கையில் வைக்கப்பட்டது. இப்பெயரை வைத்தவர்கள் இதைக் கொடுமை என்று நினைக்கவில்லை, தெய்வத்திடம் விடுக்கும் வேண்டுகோள் என்றே நினைத்தார்கள். ஆகவே இதைச் சமூகக் கேடு என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. சமயத்தின் பேரால் நடந்ததைச் சமயத்தின் அளவுகோலாலேயே அளந்து பார்க்க வேண்டும். பெற்ற மகளின் பெயரை ஒரு வேண்டுதலாக்கலாமா? அப்படி ஆக்கினால் அது வேண்டுதல்தானா? இல்லை என்பதே என் முடிவு. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

ஒரு பெயரை எடைபோட, அதன் பொருள் என்ன என்பதோடு அது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்றும் கேட்க வேண்டும். ஐரோப்பியப் பெண் பெயர்கள் இதற்கு நல்ல சான்று. நம்மூர் ஆங்கிலப் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் நாளும் ஒலிக்கும் பெயர்கள் பல அங்கிருந்து வந்தவை. சோஃபியா என்றால் கிரேக்கத்தில் ஞானம், ஐரீன் என்றால் அமைதி, ஜோயி என்றால் உயிர். லூசியா இலத்தீன் மொழியில் ஒளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மார்கரெட் என்பது முத்து. ஜெர்மானியக் குடிகள் தம் பெண்களுக்குப் போரின் சொற்களையே சூட்டினார்கள். மெட்டில்டா என்பதில் வலிமையும் போரும் சேர்ந்திருக்கின்றன, கெர்ட்ரூட் என்பதில் ஈட்டி இருக்கிறது. இவை எல்லாம் குழந்தையை நோக்கிச் சொல்லப்பட்டவை. இப்படி வாழ்வாய், இப்படி இருப்பாய் என்று அவளுக்கே வழங்கப்பட்ட வாழ்த்துகள். நம்முடைய செல்வியும் அன்பரசியும் தமிழரசியும் இந்த வரிசையைச் சேர்ந்தவர்கள். ஸ்பெயின் நாட்டில் டோலரஸ் என்று ஒரு பெயர் உண்டு, அதற்குத் துயரங்கள் என்று பொருள். துயரத்தைக் குழந்தைக்குப் பெயராக்குவார்களா என்று தோன்றலாம். அது மகனை இழந்த மரியாளின் துயரம். நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் வியாகுலமேரி என்று வழங்குவதும் அதுவே. அந்தப் பெயர் குழந்தையை ஒதுக்குவதில்லை, ஒரு தாயின் மடியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஆனால் ஐரோப்பாவிலும் எல்லாப் பெயரும் வாழ்த்தல்ல. பழைய ரோமில், குடியரசுக் காலத்தில், பெண்களுக்குத் தனிப்பெயர் என்பது பெரும்பாலும் வழக்கில் இல்லை. தந்தையின் குலப்பெயரையே பெண்பாலாக்கிக் கூப்பிட்டார்கள். ஜூலியஸ் குலத்துப் பெண் ஜூலியா, கொர்னேலியஸ் குலத்துப் பெண் கொர்னேலியா. மகள்கள் பலர் இருந்தால் மூத்தவள், இளையவள் என்றோ, மூன்றாமவள் என்று பொருள்படும் டெர்ஷியா என்றோ எண்ணிக்கையால் பிரித்தார்கள். அங்கே பெயர் குழந்தையை நோக்கிப் பேசவே இல்லை. அதையும் தாண்டி ஒரு வகை உண்டு. செர்பிய மக்களிடையே ஸ்தானா, ஸ்தான்கா என்ற பெண் பெயர்கள் பெண் பிறப்பு இத்தோடு நிற்கட்டும் என்ற எண்ணத்தில் வைக்கப்பட்டவை. தோஸ்தா என்ற பெயருக்கு நேர்ப்பொருளே போதும் என்பது. கடல் கடந்த ஒரு நாட்டில் நம்முடைய போதும்பொண்ணு வேறு மொழியில் வாழ்ந்திருக்கிறாள். வங்காளத்தில் ஆன்னாகாளி என்றொரு பெயர் இருந்தது. இனி வேண்டாம், காளி என்ற மன்றாட்டு அது. பெண் உருவில் வணங்கும் ஒரு தெய்வத்திடம் இனிப் பெண் தராதே என்று கேட்கும் பெயர். மராட்டியத்தில் நகுஷி, நகுஸா என்ற பெயர்களும் வேண்டாதவள் என்ற பொருளில் வழங்கியவையே. ஆகவே நாராயணபுரத்தைத் தனியே நிறுத்திக் குற்றம் சொல்வது நியாயமாகாது. கிறித்தவரும் இந்துவும், ஐரோப்பியரும் இந்தியரும் ஒரே பிழையைச் செய்திருக்கிறார்கள். இந்தப் பெயர்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. இவை தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம் பேசுவதில்லை. அவளைத் தாண்டி, இன்னும் பிறக்காத ஒரு மகனைப் பற்றித் தெய்வத்திடம் பேசுகின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும். கெட்ட சொல்லைப் பெயராக வைப்பதெல்லாம் வெறுப்பு என்று எப்படிச் சொல்லலாம்? குப்பம்மாளும் குப்புசாமியும் பிச்சையம்மாளும் நம் வீடுகளில் இல்லையா? முன்பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் போட்டு எடுத்து, அல்லது அக்கம்பக்கத்தாரிடம் தவிட்டுக்கு விற்று வாங்கி, அதற்கேற்ற பெயரை வைத்தார்கள். காலனின் கண்ணுக்கு இது ஒன்றுக்கும் உதவாத பொருளாகத் தெரியட்டும் என்பதே நோக்கம். தெலுங்கு பேசும் வீடுகளில் குப்பைமேட்டைக் குறிக்கும் பெயருடைய பென்டம்மாவும் பென்டய்யாவும் இதே காரணத்தால் வந்தவர்கள். பழைய ரஷ்யாவில் நெஜ்தானா, அதாவது எதிர்பாராமல் வந்தவள் என்ற வகைப் பெயர்களையும் கண்ணேறு கழிக்கத்தான் வைத்தார்கள். மறுப்பு வலுவானது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதை விரித்துப் பார்த்தால் அது என் பக்கமே சாய்கிறது. குப்பை என்ற பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் வைக்கப்பட்டது. வேண்டாம் என்ற பெயர் பெண்ணுக்கு மட்டுமே. குப்பம்மாள் என்ற பெயர் பேசுவது காலனிடம். அது கேட்பது இந்தக் குழந்தை இருக்க வேண்டும் என்பது. வேண்டாம் என்ற பெயர் பேசுவது தெய்வத்திடம். அது கேட்பது இந்தக் குழந்தைக்குப் பதிலாக வேறொன்று வேண்டும் என்பது. முன்னது பிள்ளையைப் பற்றிக்கொள்ளப் பொய் சொல்கிறது. பின்னது பிள்ளையைக் கைவிடுவதாக மெய்யாகவே அறிவிக்கிறது. சொல்லின் கடுமை ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டின் திசைகளும் எதிரெதிர்.

இரண்டாவது மறுப்பு, பெயரின் பொருளை யாரும் நினைப்பதில்லை என்பது. மெட்டில்டா என்று கூப்பிடும்போது போர் யாருக்கு ஞாபகம் வருகிறது? பழகிவிட்டால் எந்தப் பெயரும் வெறும் ஒலிதானே? மெட்டில்டாவுக்கு இது பொருந்தும். அந்தப் பெயரைத் தந்த பழைய ஜெர்மானியச் சொற்கள் இன்று அதைச் சூட்டுவோர் பலரின் நாவில் இல்லை. தமிழ்நாட்டுக் குழந்தைக்கு ‘வேண்டாம்’ அப்படி இல்லை. இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்றால் அவள் சொல்லும் பதில் அது. பள்ளியில் வருகைப் பதிவேட்டை ஆசிரியர் வாசிக்கும்போது வகுப்பு முழுவதும் அதைக் கேட்கிறது. குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் அது அச்சாகிறது. உயிருள்ள மொழியில் உயிருள்ள சொல்லை ஒரு குழந்தையின் மேல் போட்டுவிட்டு, அதற்குப் பொருள் போய்விட்டது என்று சொல்ல வைத்தவர்களுக்கு உரிமை இல்லை. மேலும், அந்தப் பெயரால் பலன் உண்டு என்று நம்பியவர்களே அதன் பொருளை நம்பியவர்கள். பொருள் இல்லாத ஒலி தெய்வத்திடம் எதைக் கேட்கும்? வைக்கும்போது பொருளோடு வைத்துவிட்டு, கேள்வி வரும்போது வெறும் ஒலிதானே என்பது பொருந்தாது.

மூன்றாவது மறுப்புதான் உண்மையில் சமயத்தைச் சார்ந்தது. மகன் வேண்டும் என்று கேட்பதே நம் சாத்திரம் கற்பித்தது, பெற்றோர் அதைத்தான் பின்பற்றினார்கள் என்பார்கள். இதை மறைக்க முடியாது. புத் என்ற நரகத்திலிருந்து தந்தையைக் காப்பவன் என்பதால் மகனுக்குப் புத்திரன் என்று பெயர் வந்ததாக மனுஸ்மிருதி சொல்கிறது. திருக்குறளின் ஏழாம் அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர், மக்கள் என்ற பொதுச்சொல்லைப் பெண்ணை விலக்கி ஆண் பிள்ளைக்கு மட்டும் ஆக்கினார், அதிகாரத்தின் தலைப்பையே புதல்வரைப் பெறுதல் என்று கொண்டார். மரபு முழுவதும் பெண்ணுக்குச் சாதகமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ஆனாலும், மகனை விரும்பிய அந்த மரபுகூட மகளுக்கு இழிபெயர் வைக்கச் சொல்லவில்லை. பெண்ணை வாழ்நாள் முழுக்கத் தந்தை, கணவன், மகன் ஆகியோரின் காவலில் வைத்த அதே மனுஸ்மிருதி, பெயரிடுவதைப் பற்றிப் பேசும்போது பெண்ணின் பெயர் சொல்ல எளிதாகவும், கொடுமை தொனிக்காததாகவும், பொருள் தெளிந்ததாகவும், மனத்துக்கு இனியதாகவும், மங்கலமாகவும், வாழ்த்துச் சொல்போலவும் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. பெண்ணுக்கு இவ்வளவு குறைவாகக் கொடுத்த நூலே இந்த ஒன்றை அவளிடமிருந்து பறிக்கவில்லை. வேண்டாம் என்ற பெயருக்குச் சாத்திரத்தின் துணை இருப்பதாக எவரும் சொல்ல முடியாது.

சாத்திரத்தை விட நம் மக்களுக்கு நெருக்கமானது பக்தி. பக்தி நெறியில் பெயருக்கு இருக்கும் இடம் மிகப் பெரியது. அஜாமிளன் கதையைப் பாகவதம் சொல்கிறது. நெறிதவறி வாழ்ந்த அவன் சாகும் தறுவாயில் தன் கடைசி மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மகனின் பெயர் நாராயணன் என்பதால் எமதூதர்கள் விலகிப் போனார்கள். பெரியாழ்வார் தம் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறார். பொன்னுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுப் பிள்ளைக்கு வேறு பெயர் வைக்காதீர்கள், திருமாலின் பெயரை வையுங்கள், அந்தப் பிள்ளையைப் பெற்றவள் நரகம் புகமாட்டாள் என்பது அதன் சாரம். அங்கே சொல்லப்படும் பெயர்கள் ஆண் பெயர்களே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு செய்திகளை நாம் கவனிக்கலாம். பெற்றவளைக் கரையேற்றுவது பிள்ளையின் பெயர் என்கிறார் அவர். அப்படியானால் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து முறை அழைக்கப்படும் பெயர் பத்து முறை செய்யப்படும் ஜபம். நாராயணா என்று அழைப்பது நாமஜபம் என்றால், வேண்டாம் என்று அழைப்பது எதன் ஜபம்? கிடைத்ததை மறுக்கும் ஜபம்தான் அது. இன்னொன்று, இதைப் பாடிய பெரியாழ்வாருக்கு இருந்தது துளசிச் செடியடியில் கண்டெடுத்த ஒரே மகள். அவளுக்கு அவர் கோதை என்று பெயரிட்டார். ஆண்டாளாக அவள் வளர்ந்ததால்தான் அவர் அரங்கனுக்கே மாமனார் ஆனார். மகன் இல்லாததால் அந்தத் தந்தைக்கு என்ன குறைந்தது?

திருத்தணிக்கு இதைவிடப் பக்கத்தில் இன்னொரு சான்று இருக்கிறது. சினம் தணிந்த முருகன் வள்ளியை மணந்த தலம் இது என்று தலபுராணம் சொல்கிறது. அந்த வள்ளி யார்? காஞ்சிபுரம் குமரகோட்டத்து அர்ச்சகரான கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் அந்தக் கதையை விரிவாகப் பாடியிருக்கிறார். மானின் வயிற்றில் பிறந்த குழந்தையை அந்த மான், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் விட்டுவிட்டுப் போய்விட்டது. வேலூர் மாவட்டத்து வள்ளிமலையை அந்த இடமாக மக்கள் இன்றும் காட்டுகிறார்கள். குழந்தையை எடுத்தவன் வேடர் தலைவன் நம்பி. அவனுக்கு ஆண் மக்கள் இருந்தார்கள், ஒரு பெண் இல்லையே என்பதுதான் அவன் ஏக்கம். கைக்குக் கிடைத்த பெண்ணைத் தெய்வம் தந்த வரமாக ஏற்று, அவள் கிடைத்த குழியின் பேரையே அவளுக்கு அன்போடு சூட்டினான். உழுசாலில் கிடைத்த சீதைக்கும் இதே கதைதான். சனகன் அவளை அள்ளி எடுத்து, உழுசாலின் பெயரையே அவளுக்குச் சூட்டினான். நாம் வணங்கும் மூன்று பெண்கள், கோதையும் வள்ளியும் சீதையும், மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். மூவரையும் எடுத்தவர்கள் மகிழ்ந்து எடுத்தார்கள். இப்போது நாராயணபுரத்து வழக்கத்தை இந்த மலையின் அடியில் வைத்துப் பாருங்கள். அடுத்தது மகனாகப் பிறக்க வேண்டும் என்று மகளுக்கு வேண்டாம் என்று பேரிட்டவர்கள், பெண்ணுக்காக ஏங்கிய ஒரு தந்தையின் மகளைத் தாயார் என்று கும்பிடுகிறார்கள். அந்தச் சன்னதியில் குருக்கள் பெயர் கேட்கும்போது, வள்ளியின் முன்னால் சிறுமி ஒருத்தி ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெயர் வள்ளிக்கே சொல்லப்படும் மறுப்பு.

இதனால்தான் இது வேண்டுதல் ஆகாது என்கிறேன். வேண்டுதலில் கொடுப்பவர் தன்னுடையதைத்தான் கொடுப்பார். முடி காணிக்கை கொடுப்பவர் தன் தலையைக் கொடுக்கிறார், காவடி எடுப்பவர் தன் தோளைக் கொடுக்கிறார், விரதம் இருப்பவர் தன் பசியைக் கொடுக்கிறார். இந்தப் பெயரில் தாயும் தந்தையும் தங்களுடையது எதையும் கொடுக்கவில்லை. பேசத் தெரியாத ஒரு குழந்தையின் வாழ்நாள் மானத்தை எடுத்துக் காணிக்கையாக வைக்கிறார்கள். அதோடு, வேண்டுதல் என்பது தெய்வம் தருவதை அறிந்துதான் தருகிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தந்ததைத் திருப்பிக் கொடுக்கும் தோரணையில் அடுத்ததைக் கேட்பதில் அந்த நம்பிக்கையே இல்லை. ஒரு மனித உயிரை இன்னொரு உயிரை வரவழைக்கும் செய்தியாக ஆக்கும் உரிமை எந்த நெறியிலும் பெற்றோருக்குக் கிடையாது.

பெற்றோர்மேல் மட்டும் பழியைப் போடுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். வரதட்சணைக்குக் கடன் வாங்கி, வயதான காலத்தில் சோறு போட மகன் வேண்டும் என்று பயந்து, கொள்ளி வைக்க ஆளில்லை என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியவர்கள் அவர்கள். அந்தப் பயங்களுக்குக் காரணம் இருந்தது. ஆனால் அவற்றுக்கான விடையைப் பெயர் ஒருநாளும் தரவில்லை, சட்டமும் படிப்பும்தான் தந்திருக்கின்றன. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989-இல் தந்தது, 2005-இல் அது நாடு முழுவதற்கும் சட்டமானது. பெற்றோரைக் காக்கும் கடமையும் சட்டத்தில் மகன், மகள் இருவருக்குமே உண்டு. தாய் தந்தைக்கு மகள்களே கொள்ளி வைப்பதும் இன்று அரிதான செய்தி இல்லை. ஆனாலும் பழைய எண்ணம் சாகவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தார்கள். வேண்டாம் என்று பெயர் வைத்த வீடு அந்தப் பெண்ணைப் பெற்று வளர்த்தாவது விட்டது. பெயரே வைக்காமல், பிறக்கவே விடாமல், ஸ்கேன் பார்த்துச் சொன்ன வேண்டாம்களும் இருக்கின்றன. 1994-இல் அதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே எண்ணத்தின் இரு முகங்கள்.

அந்தப் பெயரைச் சுமந்த பெண்கள் படித்து முன்னேறித்தானே இருக்கிறார்கள், பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. ஆம், முன்னேறியிருக்கிறார்கள். அப்பெயர் கொண்ட ஒரு மாணவியைத் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் 2019-இல் பெண் குழந்தைகளைக் காக்கும் திட்டத்தின் முகமாகவே முன்னிறுத்தியது. அந்தப் பெருமை அவர்களுடைய உழைப்புக்கும் அறிவுக்கும் உரியது, அதில் ஒரு துளியும் பெயர் வைத்தவர்களின் நம்பிக்கைக்குச் சேராது. சுமை தூக்கியவர் மலை ஏறிவிட்டார் என்பதற்காகச் சுமையை நியாயமாக்க முடியாது. பெயரின் குற்றம் அதைச் சுமந்தவளின் விதியில் இல்லை, வைத்தவரின் செயலில் இருக்கிறது. மராட்டிய மாநிலம் சதாரா மாவட்டம் இதைச் சரியாக உணர்ந்தது. 2011 அக்டோபரில் அங்கே நகுஷி, நகுஸா என்று பெயர் பெற்றிருந்த 285 பெண்களுக்கு அரசு விழா நடத்திப் புதுப்பெயர் சூட்டினார்கள். பலர் தங்கள் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

இங்கேயும் அதைச் செய்வது கடினம் இல்லை. குழந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவில் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமே கிடையாது, 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். வளர்ந்தவர்கள் அரசிதழில் அறிவித்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். தன் பெயரை மாற்றாமல் நிமிர்ந்து நிற்க விரும்புகிறவருக்கு அந்த உரிமையும் உண்டு, அதை யாரும் அவரிடமிருந்து எடுக்கக் கூடாது. ஆனால் இனிப் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் அந்தப் பெயர் வேண்டியதில்லை. கிராமச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தலைமையாசிரியரும் பெயர் பதியும் இடத்தில் ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னால் போதும். மலைமேல் அர்ச்சனை செய்யும் குருக்கள்மாரும் வள்ளி கிடைத்த கதையை, அவளை எடுத்த நம்பியின் மகிழ்ச்சியை, தொட்டிலோடு வரும் குடும்பங்களுக்குச் சொல்லலாம். மகன் வேண்டுமென்றால் முருகனிடம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. கேட்பதற்கு உங்கள் விரதத்தையும் உங்கள் காவடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மகளின் பெயரை அவளுக்கே விட்டுவிடுங்கள்.